நெருப்புப் பக்கம்

முத்தலிபின் வாயைப் பற்றித் துறைமுகத்தில் ஒரு பெருமை இருந்தது. கொதிக்கிற தேத்தண்ணீரை ஊதாமல் குடிப்பான். மற்றவர்கள் கோப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க, இவன் ஒரே மடக்கில் முடித்துவிட்டு வாயைத் துடைப்பான். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் அவனுடைய கூட்டாளி அன்ஸார் விட மாட்டான். முத்தலிபை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வான். மேலண்ணம் முழுவதும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் காய்ந்து வெடித்த மாதிரி வெடிப்புகள். அந்த வெள்ளைக்கு நடுவே ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள்.

"பாத்தீங்களா, இது வாயில்ல, போறணை" என்பான் அன்ஸார்.

போறணை என்றால் பாண், அதாவது ரொட்டி, சுடுகிற அடுப்பு. சொன்னது பொய்யும் இல்லை. கப்பலின் அடிவயிற்றில் மூட்டை தூக்குகிறவர்கள் சுருட்டின் நெருப்புப் பக்கத்தை வாய்க்குள் வைத்துத்தான் புகைத்தார்கள்.

வேலை அப்படி. அரிசிக் கப்பலோ மாக் கப்பலோ வந்து நின்றால் ஏணியால் அடித்தட்டுக்கு இறங்க வேண்டும். அங்கே புகைக்கத் தடை. மேலே சதுர வாசலில் கங்காணி குந்தியிருந்து எட்டி எட்டிப் பார்ப்பான். கீழே இருட்டுக்குள் ஒரு கங்கு மினுங்கினால் போதும், அடுத்த கப்பலுக்கு அந்த ஆளுக்குக் கூப்பிடுதல் இல்லை. அதோடு மூட்டை முதுகில் ஏறிவிட்டால் இரண்டு கையும் பின்னங்கழுத்துக்குப் போய்விடும். சுருட்டைப் பிடிக்க மூன்றாம் கை யாருக்கும் இல்லை. ஆகவே சுருட்டைக் கொளுத்தி, திருப்பி, நெருப்பு உள்ளே போக உதட்டைக் கவ்வி மூடிக்கொள்வார்கள். புகை மூக்கால் கசியும். சாம்பல் நாக்கில் விழும். துப்ப இடம் இருந்தால் துப்புவார்கள், இல்லாவிட்டால் விழுங்குவார்கள். மழை அதை அணைக்காது. வாடைக் காற்றும் அணைக்காது. பழகத் தொடங்கும்போது அண்ணம் வெந்து கொப்பளிக்கும், சோறு இறங்காது. பிறகு தோல் தடிக்கும். தோல் தடித்தவன் வேலைக்குத் தேறியவன்.

வேலை முடிந்து கிண்ணியாவுக்குத் திரும்புகிற லோஞ்சில், அந்த இயந்திரப் படகில்தான் பேச்செல்லாம். துறைமுகத்துக்கு இக்கரையிலேயே வீடுள்ள இராசையாவும் சில நாள் கதைக்காகவே அதில் ஏறிவிட்டு, முதலாம் தரிப்பில் இறங்குவான். அவன் மேல்தட்டில் பாரம் தூக்கும் வின்ச் இழுக்கிறவன். காற்றோட்டமான இடத்தில் வேலை என்பதால் சிகரெட்டுக்கு உயர்ந்துவிட்டவன்.

"உங்கட சுருட்டு வைக்கோல் போரை நெருப்பு வச்ச மாதிரி. சிகரெட் எண்டால் துரைமார் பத்தினது. வாய் கழுவின மாதிரி இருக்கும்" என்றான் ஒரு நாள்.

"கழுவின வாயா அது?" என்றான் அன்ஸார். "உன்ட பல்லெல்லாம் முரசை விட்டு வெளிக்கிட்டு வாசலில நிக்கிது. எப்ப போறது எண்டு நாள் பாக்கிது."

லோஞ்சு முழுக்கச் சிரித்தது. இராசையாவும் ஈறு விலகிய மஞ்சள் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"பல்லுத்தானே. விழுந்தால் கட்டலாம். நீ பீடி பத்தின காலத்தில கடைவாய் ரெண்டும் வெடிச்சு, கொட்டாவி விட ஏலாமல் திரிஞ்சனீ, மறந்திட்டியோ?"

"அதுதானே விட்டன். பீடி நச்சரிப்புப் புடிச்ச சாமான். இழு இழு எண்டு நிக்கும், விட்டா அணைஞ்சு போகும். கன்னம் குழி விழுந்ததுதான் மிச்சம்."

"நேவித் துரை ஒராள் பைப்போட திரிஞ்சவர், நினைவிருக்கோ? பைப்பு வைக்கிற இடத்தில கீழ்ச்சொண்டில ஒரு புண். ஆறவே இல்லை. அதோடதான் கப்பலேறினவர்" என்றான் இராசையா.

"துரைக்குச் சூடு பழகல்ல" என்றான் முத்தலிப். "எங்களுக்குப் பழகிட்டு."

இப்படி ஒவ்வொருவனுக்கும் மற்றவன் வாயில் இருக்கிற கேடு நன்றாகத் தெரிந்தது. முத்தலிபுக்குத் தன் வாயில் ஒரு கேடும் தெரியவில்லை, ஏனென்றால் நோகவில்லை. உடம்பு கெட்டால் நோகும், நோகாவிட்டால் கெடவில்லை. சின்ன வயதிலிருந்து உடம்பை விற்றுச் சாப்பிட்டவனுக்கு உடம்பைப் பற்றித் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரே மகள், ஸல்ஹா. அவள் விசயத்தில் அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நிக்காஹ் அன்று சபையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, 'என் மகள் ஸல்ஹாவை உமக்கு நிக்காஹ் செய்து ஒப்புக்கொடுத்தேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எல்லா வாப்பாமாரும் சொல்லுகிறதுதான். அதில் என்ன பெரிய ஆசை என்று கேட்கலாம். முத்தலிபின் மனைவி றுக்கியாவைக் கேட்டால் தெரியும்.

றுக்கியாவின் வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். காக்கா தம்பி என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளை இல்லை. அவளுடைய நிக்காஹ் அன்று ஊர்ப் பள்ளிவாசல் லெப்பைதான் பொறுப்பேற்று அந்தச் சொல்லைச் சொன்னார். சட்டத்துக்குச் சரி, மார்க்கத்துக்கும் சரி. ஆனால் முத்தலிபின் உம்மாவுக்குச் சரியாக இருக்கவில்லை. கறியில் உப்புக் கூடினாலும், கோழி அடைபடாமல் வெளியே நின்றாலும், "வாப்பாட வாயால வராத புள்ளதானே" என்று ஒரு சொல் விழும். கிழவி மௌத்தாகும் வரைக்கும் விழுந்தது. முத்தலிப் அதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றான். உம்மாவை எதிர்த்துக் கதைக்க அவனுக்கு வரவில்லை. மகள் பிறந்த அன்று றுக்கியாவின் தலைமாட்டில் இருந்து, "இவளை நான் குடுப்பன், என்ட வாயால குடுப்பன்" என்று சொன்னான். றுக்கியா பிள்ளையை அவன் பக்கமாகத் திருப்பிக் கிடத்தினாள். அன்றைக்குத்தான் அவள் அவனை மன்னித்தாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

நோன்பு மாதம் பிறக்க முன்னர் கடைவாய்ப் பல்லொன்று குத்தத் தொடங்கியது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்குப் பலகையில் காத்திருந்து, பல் டொக்டர் சிவகுருநாதனிடம் வாயைத் திறந்தான். டொக்டர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தவர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"சுருட்டோ?"

"ஓம் ஐயா."

"எந்தப் பக்கத்தை வாய்க்குள்ள வைக்கிறனீங்கள்?"

முத்தலிபுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புருசன் பெண்சாதிக்குள் இருக்கிறதைக் கேட்டது போல் இருந்தது.

"நெருப்புப் பக்கம்."

"நோ இருக்கோ?"

"ஒரு நோவுமில்ல. மீன் முள்ளுக் குத்தினாலும் தெரியாது."

"அதுதான் எனக்குப் பயமாயிருக்கு" என்றார் டொக்டர். பல்லைக் கழற்றிவிட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, தன்னுடைய கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் இல்லாத மனுசன். "சிகரெட்டு முரசைத் தின்னும், பல்லைக் கழட்டும். பீடி கடைவாயைத் தின்னும். பைப்பு சொண்டைத் தின்னும். ஒண்டும் நல்லதில்லை. எல்லாம் ஒரே புகையிலைதான், ஒரே நஞ்சுதான். ஆனால் நீங்கள் நஞ்சையும் வைச்சு நெருப்பையும் வைச்சு வாயை மூடுறீங்கள். அந்தச் சிவப்பில ஒரு இடம் எனக்குப் பிடிக்கேல்ல. சுருட்டை முற்றாக விடுங்கோ. நோன்பு வருது, வசதியாய்ப் போச்சு. விட்டால் வெள்ளைத் தோல் உரியும். உரிஞ்சு கொஞ்சம் நோகும், அது நல்லதுக்கு. பெருநாள் கழிச்சு வாங்கோ. உரியாமல் நிக்கிற இடத்தைக் கிள்ளிக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்."

பஞ்சைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். 'விடுங்கோ' என்றது காதில் விழுந்தது. 'உரியும்' என்றதும் விழுந்தது. 'நோகும்' என்றது மட்டும் வழியில் எங்கேயோ தவறிவிட்டது.

விட்டான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பகலில் எல்லோரும்தான் விடுவார்கள். இவன் நோன்பு திறந்த பிறகும் தொடவில்லை. அன்ஸார் கடற்கரை மணலில் குந்தியிருந்து புகைக்கிறபோது காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் இருந்தான். தலை பாரமாகக் கிடந்தது. மகளோடு காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். ஆனாலும் விட்டான்.

நோன்பு பாதி கழிந்த ஒரு மாலையில், பள்ளியில் பாங்கு சொன்னதும், பேரீச்சம்பழம் தின்று, கஞ்சிக் கோப்பையை வாயில் வைத்தவன் கத்திவிட்டான். றுக்கியா குசினியிலிருந்து ஓடிவந்தாள். அவன் வாய்க்குள் விரலை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். வாழைப்பட்டையின் உள்தோல் மாதிரி, மெல்லிசாக, வெள்ளையாக ஒரு துண்டு விரலோடு வந்தது. அதன் கீழே இருந்த அண்ணம் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சூடு ஆகாது, உறைப்பு ஆகாது, புளி ஆகாது. ஊரெல்லாம் நோன்புக் கஞ்சியை ஊதிக் குடிக்க, அவன் ஆறி ஆடை படிந்த கஞ்சியைப் பெரிய நோயாளி மாதிரிக் கரண்டியால் நக்கினான்.

"உரியும் எண்டு டொக்டர் சொன்னவர்தானே" என்றாள் றுக்கியா.

"உரியும் எண்டார். இப்புடி எண்டு சொல்லல்ல."

மறுநாள் அன்ஸார் அவன் வாயைப் பார்த்துவிட்டு, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மூட்டை தூக்கித் தூக்கிக் கை முழுக்கக் காய்ப்பு.

"இதைப் பாரு மச்சான். கப்பல் இல்லாம வீட்டில குந்தியிருந்தா இந்தக் காய்ப்புக்கு என்ன நடக்கும்?"

"உரியும்."

"உரிஞ்சு?"

"புண்ணாகும்."

"திரும்பக் கப்பல் வந்து மூட்டையைத் தொட்டா?"

முத்தலிப் அந்தக் காய்ப்பை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஆறிரும். திரும்பக் காய்க்கும். வாயும் அதே தோல்தான். நீ வேலையை நிப்பாட்டினாய், காய்ப்பு உரிஞ்சிட்டு. இதுக்கு டொக்டரெதுக்கு, எனக்கே தெரியும்."

கையால் பிழைக்கிற மனிதர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை யாராலும் சொல்ல முடியாது. டொக்டரின் பேச்சை நினைவில் வைத்திருக்க வேண்டும். அன்ஸாரின் பேச்சோ உள்ளங்கையிலேயே இருந்தது. பெருநாள் தொழுகை முடிந்து, கைகொடுத்து முஸாபஹா செய்து, கட்டிப்பிடித்த கையோடு அன்ஸார் ஒரு சுருட்டை நீட்டினான். முத்தலிப் வாங்கிக் கொளுத்தி, திருப்பி, உதட்டை மூடினான். புண்ணில் நெருப்புப் பட்டபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனால் அன்ஸார் சொன்னபடியே நடந்தது. சில நாளில் நோ குறைந்தது. பிறகு மறைந்தது. தோல் திரும்பவும் வெளுத்துத் தடித்தது. கொதிக்கிற தேத்தண்ணீரை அவன் ஊதாமல் குடித்தபோது லோஞ்சில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள்.

டொக்டரிடம் போகவில்லை. நோகாத வாயைக் கொண்டுபோய் எதைக் காட்டுவது?

அடுத்த வருசம் ஸல்ஹாவுக்கு மூதூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஸஹாப்தீன், குச்சவெளி றோட்டில் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர். அவனுடைய வாப்பா ஸெய்னுதீன் ஹாஜியார் கறாரான ஆள், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். எங்கள் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை. முத்தலிப் சுவர் எழுப்பி, தென்னோலைக் கிடுகு போட்டு வைத்திருந்தான். ஹாஜியார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடு போட்டு முடிங்க, அடுத்த வெள்ளிக்கே நிக்காஹ் வைப்பம்" என்றார். முத்தலிபுக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. லோஞ்சில் வரும்போது கடலைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தான். "ஒப்புக்கொடுத்தேன்" என்கிற இடம் வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான்.

வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு காலை, தேத்தண்ணீர் குடிக்கையில் மூக்கால் சொட்டியது. புரைக்கேறியது என்று நினைத்தான். ஆனால் இருமல் வரவில்லை. நாக்கை மேலே வைத்துத் தடவினால் ஒரு பக்கம் புடைப்பாக, நடுவில் பள்ளமாக இருந்தது. இன்னும் நோகவில்லை. ஆனால் வாயில் ஒரு நாற்றம், செத்த நண்டின் நாற்றம். மகள் சோறு பரிமாறக் குனிந்தபோது முகத்தை மெல்ல அப்பால் திருப்பினாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டொக்டர் சிவகுருநாதன் அவனை அடையாளம் கண்டார். "பெருநாள் கழிச்சு வரச் சொன்னனான்" என்றார்.

"சொகமாகிட்டு எண்டு நினைச்சன் ஐயா."

அவர் ஏசவில்லை. கிள்ளி எடுத்து அனுப்பினார். பதில் வந்ததும் றுக்கியாவையும் கூப்பிடச் சொன்னார். புற்று என்றார். கொழும்புக்குப் போக வேண்டும், தாமதிக்காமல் போக வேண்டும், அண்ணத்தில் அந்தப் பக்கத்தை எலும்போடு வெட்டி எடுப்பார்கள் என்றார்.

"எடுத்தால் ஆள் தப்புவாரா?" என்று றுக்கியா கேட்டாள்.

"இப்ப போனால் இடமிருக்கு."

"கதைக்க ஏலுமா ஐயா?" என்று முத்தலிப் கேட்டான்.

"தட்டு ஒண்டு செய்து மாட்டி விடுவினம். பழகப் பழகக் கதைக்கலாம். பழைய மாதிரி வராது. கன காலம் எடுக்கும்."

"எனக்குக் கலியாணம் ஒண்டு இருக்கு, மகளுக்கு. அது முடியும்வரைக்கும் பொறுத்தா?"

டொக்டர் றுக்கியாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பொறுத்தால் வெட்டுறதுக்கு இடம் இருக்காது."

அன்று பின்னேரமே முத்தலிப் மூதூருக்கு லோஞ்சேறினான். நிக்காஹை முந்தி வைக்கலாமா என்று ஹாஜியாரிடம் கேட்டான். காரணத்தைச் சொல்லவில்லை. புற்றுள்ள வீட்டில் பெண் எடுக்கிறதா என்று பேச்சுக் கிளம்பினால் ஸல்ஹாவின் கதி என்ன?

"ஓடு?" என்று கேட்டார் ஹாஜியார்.

"கிடுகு புதுசு. மாரிக்குத் தாங்கும்."

"ஓட்டு வீடு எண்டுதானே கதைச்ச நாம. நான் ஊருக்குச் சொல்லிட்டன். அவசரமெண்டா அவசரமா ஓட்டைப் போடுங்க, நான் வேணாமெண்டா சொன்னன்?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

திரும்பி வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தான். றுக்கியா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"கொழும்புக்குப் போங்க. நிக்காஹை லெப்பை சொல்லட்டும். எனக்குச் சொன்னவர்தானே."

"உனக்குச் சொன்னதாலதான்."

"அது செத்துப்போன கதை. எனக்குச் சொல்லு வேணாம், ஆள் வேணும்."

"நீ பட்டதை நான் பாத்துக்கொண்டு சோறு தின்டனான், றுக்கியா. அவளுக்கு அந்தச் சொல்லு விழக்கூடாது. ஓடு போட எவ்வளவு செல்லும்? போட்டு, சொல்லிட்டு, அடுத்த நாளே போறன். எனக்கு ஒண்டும் நோகல்லயே."

நோகவில்லை என்பதைத்தான் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தான்.

கொழும்புக்கு வரச் சொன்ன நாள் வந்து போனது. அவன் கப்பலுக்குப் போய்விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும் வரை கூரையில் ஏறி நின்றான். அன்ஸாரும் இராசையாவும் வந்து உதவினார்கள். மழை இடைக்கிடை குழப்பியது. கூரைத் தீராந்தி மரம் ஒன்று சாய்ந்துபோய்த் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டியதாயிற்று. சுருட்டையும் அவன் விடவில்லை. இனி விட்டு என்ன என்று ஒரு பக்கம். விட்டால் திரும்ப நோகத் தொடங்கும், நொந்தால் கூரையில் நிற்க முடியாது என்று இன்னொரு பக்கம். கடைசி ஓட்டை முகட்டில் வைத்தபோது ஹாஜியாருக்கு ஆள் அனுப்பினார்கள். நாள் குறித்தாயிற்று.

அந்த நாளுக்கு முந்திய கிழமையில் அண்ணம் பொத்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான். கறுத்த ஒரு துண்டு சோற்றோடு கழன்று வந்தது. சோறு மூக்குக்குள் ஏறியது. "தண்ணி" என்று கேட்டான். றுக்கியாவுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டான். அவன் காட்டிய கையைப் பார்த்துத்தான் அவள் செம்பை எடுத்து வந்தாள். சொல்லுக்கு வேண்டிய காற்றெல்லாம் வாய்க்கு வராமல் மேலே ஏறி மூக்கால் போய்க்கொண்டிருந்தது.

றுக்கியா அழவில்லை. பஞ்சை எண்ணெயில் தோய்த்து, மெல்லிய சீலைத் துண்டில் சுற்றி, உருட்டிக் கொடுத்தாள். அதை உள்ளே வைத்து அடைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். கொஞ்சம் வந்தது. கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரித்தான், ஆனாலும் வந்தது. அந்தக் கிழமை முழுக்க வீட்டின் பின்னால் நின்று ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகினான். 'ஸல்ஹா' என்கிற பெயர்தான் வசப்படவில்லை. வாய்க்குள் காற்றை நிறுத்தி, பல்லுக்கிடையால் விட வேண்டிய முதலெழுத்து அதற்கு. பிறந்த அன்று அவனே தேடி வைத்த பெயர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு புது வீட்டில் சபை கூடியது. புது ஓட்டின் கீழே பாய் விரித்து, மாப்பிள்ளை ஸஹாப்தீன் தொப்பியும் மாலையுமாக இருந்தான். லெப்பை பதிவுப் புத்தகத்தோடு நடுவில் இருந்தார். பெண்கள் எல்லோரும் அறைக்குள்ளே, திரைக்கு அப்பால். அங்கே றுக்கியாவின் தோளோடு ஸல்ஹா இருப்பாள் என்று முத்தலிபுக்குத் தெரியும். குத்பா உரை ஓதி முடிந்தது. லெப்பை முத்தலிபின் வலது கையை எடுத்து மாப்பிள்ளையின் கைக்குள் வைத்தார்.

"சொல்லுங்க தம்பி."

முத்தலிப் மூச்சை இழுத்தான். முதல் சொல் வந்தது. இரண்டாம் சொல்லில் பஞ்சு அசைந்தது. மகளின் பெயருக்கு வந்தபோது அது நழுவித் தொண்டைப் பக்கம் போய்விட்டது. அதன் பிறகு வந்தது சொல் இல்லை. மூக்கால் சீறுகிற காற்று.

சபையில் சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒரே மகள், வாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது என்று நினைத்தார்கள். லெப்பையும் அப்படித்தான் நினைத்தார்.

"அழாம, ஆறுதலாச் சொல்லுங்க."

பஞ்சை விரலால் தள்ளிக்கொண்டு திரும்பச் சொன்னான். அது இன்னும் மோசமாக வந்தது. பின் வரிசையில் யாரோ விசயம் தெரியாமல் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் முறை சொன்னபோது அவனுக்கு உண்மையிலேயே கண்ணீர் வந்துவிட்டது, மூக்கும் அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை பிடித்த கையை விடாமல், அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணுட பேர் விளங்கல்லயே" என்றார் ஸெய்னுதீன் ஹாஜியார். குத்தலாக இல்லை, கவலையாகத்தான் கேட்டார். "பேர் விளங்காட்டி நிக்காஹ் கூடுமா லெப்பை?"

"கூடாது" என்றார் லெப்பை. முத்தலிபின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆனாலும் சபை அடங்கிக் கிடந்ததால் திரைக்கு அப்பாலும் கேட்டது. "உங்களுக்காக நான் சொல்லட்டா தம்பி? என்னைப் பொறுப்பாக்குறீங்களா?"

முத்தலிப் புது ஓட்டைப் பார்த்தான். பாயைப் பார்த்தான்.

"ஓம்" என்றான்.

அது சுத்தமாக வந்தது. ஒரு பிசிறும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு அண்ணம் வேண்டியிருக்கவில்லை.

லெப்பை அவன் கையை மெல்ல எடுத்து அவனுடைய மடியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் கையைத் தான் பிடித்துக்கொண்டு, தெளிவான குரலில், ஸல்ஹாவின் பெயரைச் சொல்லி, நிக்காஹைச் செய்து வைத்தார். ஸஹாப்தீன் ஏற்றுக்கொண்டேன் என்றான். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். முத்தலிபும் ஏந்தினான். திரைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அது மகளுடையதா, தாயுடையதா என்று அவன் காது கொடுத்துக் கேட்கவில்லை.

சகன் தட்டுகளில் சோறு வந்தபோது எழுந்து பின்வளவுக்குப் போனான். சபையில் இருந்து சாப்பிட்டால் எல்லோருக்கும் முன்னால் சோறு மூக்கால் வரும். முருங்கை மரத்தடியில் மிச்ச ஓடுகள் அடுக்கியிருந்தன. அதில் உட்கார்ந்தான். றுக்கியா ஒருமுறை குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். வரவேண்டும் போல நின்றாள். உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அன்ஸார் நெய்ச்சோறு தின்ற கையைக் கழுவி உதறிக்கொண்டு அங்கே வந்தான். பக்கத்தில் குந்தினான். இடம் வலம் பார்த்துவிட்டு, "மச்சான், என்ட வாயை ஒருக்காப் பாரு" என்றான்.

வெயில் பக்கமாகத் திரும்பி வாயைத் திறந்தான்.

முத்தலிப் பார்த்தான். வெள்ளை. வெடிப்புகள். பின்பக்கமாக, சின்ன நாக்குக்குக் கிட்ட, வெள்ளை இல்லாத ஓர் இடம் சிவந்து மினுமினுத்தது. டொக்டருக்குத் தன் வாயில் பிடிக்காமல் போனது எந்த இடம் என்று அவனுக்கு அன்றைக்கு விளங்கியிருக்கவில்லை. இப்போது விளங்கியது.

"நோவொண்டும் இல்ல" என்றான் அன்ஸார் வாயை மூடி. "ஏதும் இருக்கா?"

முத்தலிப் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நாளைக்கே டவுனுக்குப் போ, சிவகுருநாதன் ஐயாவிடம் காட்டு, உரிந்தால் நோகும், நோகட்டும், நொந்தாலும் திரும்பத் தொடாதே என்று சொன்னான். முழுவதையும் சொன்னான். பஞ்சு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. நெஞ்சிலிருந்து காற்று வந்து, மூக்கால் போய், முருங்கை மரத்தடியிலேயே முடிந்தது.

"சரி சரி, கஷ்டப்படாத" என்றான் அன்ஸார். "விளங்கிது. கவலைப்படாத. நானும் யோசிச்சுத்தான் வச்சிருக்கன்."

மடியிலிருந்து சுருட்டை எடுத்தான். கொளுத்தினான். வழக்கம் போலத் திருப்பப் போன கையை நிறுத்தி, நெருப்பை வெளியே வைத்து, மறுபக்கத்தைக் கடித்துக்கொண்டான்.

"இனி இப்புடித்தான்" என்றான், புகையை வாயால் விட்டுக்கொண்டு. "நெருப்பை உள்ளுக்கு வச்சாத்தானே பிழை."

முத்தலிப் கையை நீட்டி அந்தச் சுருட்டைப் பறிக்கப் பார்த்தான். அன்ஸார் அவனுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மடியில் இன்னொன்றைத் தேடினான்.